சுவரில் விரிந்தது என் குரல்தானா?
வாசகர் கேள்வி – பதில்

பார்வையாளர் பேசினால் மட்டுமே உயிர்பெறும் கலைப்படைப்புகளைப் பற்றிச் சில வாரங்களாகச் சென்னை வாசகர்கள் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். அத்தகைய படைப்புகளை உருவாக்குவதிலும் காட்சிக்கு வைப்பதிலும் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருபவன் என்ற முறையில், வந்த கடிதங்களுள் எட்டினை எடுத்துக்கொண்டு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பேத்தியுடன் நகரில் நடந்த ஒரு கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். இருட்டறையில் மைக்கின் முன் நின்று பேசியபோது எதிர்ச்சுவரில் வண்ணங்கள் பூப்போல விரிந்தன. நான் மெய்மறந்து நின்றுவிட்டேன். பேத்தியோ, "யார் கை தட்டினாலும் இதேதான் வரும் பாட்டி" என்கிறாள். சுவரில் நான் கண்டது என் குரல்தானா? அதை எப்படித் தெரிந்துகொள்வது?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மயிலாப்பூர்

பதில்: அம்மா, உங்கள் பேத்தியின் ஐயம் நியாயமானது. இந்தத் துறையில் உழைப்பவர்கள் ஒவ்வொரு படைப்பின் முன்னும் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியை அந்தக் குழந்தை கேட்டிருக்கிறாள்.

மைக்கில் விழும் குரல், காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கமாகக் கணினிக்குள் செல்கிறது. பேச்சுக்காகச் செய்யப்படும் கருவிகளில் பெரும்பாலும் ஒரு நொடிக்கு 16,000 முறை அந்த அழுத்தம் அளக்கப்பட்டு எண்ணாக்கப்படுகிறது. அந்த எண்களிலிருந்து மூன்று செய்திகளை எளிதாகப் பிரித்தெடுக்கலாம். முதலாவது, குரல் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பது. இரண்டாவது, குரல்நாண்கள் நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றன என்பது. நாம் சுருதி என்று சொல்வது இதைத்தான். ஆண்களுக்குப் பேச்சில் இது பெரும்பாலும் 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையிலும், பெண்களுக்கு 165 முதல் 255 ஹெர்ட்ஸ் வரையிலும் இருக்கும். மூன்றாவது, வாயும் நாக்கும் எடுக்கும் வடிவத்தால் ஒலிக்குள் எந்தெந்த அதிர்வெண்கள் வலுப்பெறுகின்றன என்பது. ஒரே சுருதியில் ஒருவர் அகரத்தையும் இகரத்தையும் மாற்றி மாற்றிச் சொன்னாலும் நமக்கு இரண்டும் வேறு வேறாகக் கேட்பதற்கு இந்த மூன்றாவது செய்தியே காரணம். கலந்துகிடக்கும் ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் கணக்கின் வேர், பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 1822-இல் வெளியிட்ட வெப்பவியல் ஆய்வில் இருக்கிறது. அதைக் கணினி விரைந்து போடுவதற்கான வழியை அமெரிக்கக் கணித அறிஞர்களான ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் 1965-இல் வெளியிட்டார்கள். நீங்கள் வாய் திறந்த அந்தக் கணத்திலேயே சுவரில் வண்ணம் விரிவது அந்த வழியால்தான்.

இனி, சோதிக்கும் முறை. அடுத்த முறை செல்லும்போது முதலில் ஒன்றும் பேசாமல் பத்து நொடி நில்லுங்கள். சுவர் அடங்கியிருக்க வேண்டும். பிறகு ஒரே சுருதியில், ஒரே அளவு உரத்து, ஆ, ஈ, ஊ என்று மூச்சு விடாமல் நீட்டிச் சொல்லுங்கள். உயிரெழுத்து மாறும் இடத்தில் படமும் மாறினால், படைப்பாளர் உங்கள் வாயின் வடிவத்தைக் கவனித்திருக்கிறார் என்று பொருள். அடுத்து அதையே கிசுகிசுத்துச் சொல்லுங்கள். கிசுகிசுப்பில் குரல்நாண்கள் அதிர்வதில்லை என்பதால், சுருதியைப் பின்பற்றும் படைப்பில் ஏதோ ஒன்று மறைந்தே தீரும். கடைசியாகப் பேத்தியைக் கை தட்டச் சொல்லுங்கள். கைதட்டலுக்கும் உங்கள் "வாடா கண்ணா"வுக்கும் ஒரே பூதான் மலர்கிறது என்றால், அங்கே அளக்கப்படுவது ஓசையின் அளவு மட்டுமே. அழகாக இருக்கலாம், ஆனால் அதை உங்கள் குரலின் படம் என்று சொல்ல நான் தயங்குவேன். பேசியவர் சுவரைப் பார்த்து, "இந்த வளைவு நான் இழுத்துச் சொன்ன இடம்" என்று விரல் நீட்டிக் காட்ட முடிய வேண்டும் என்பதே நான் வைத்திருக்கும் உரைகல்.

கேள்வி: இது கணினி வந்த பிறகு தோன்றிய கலையா? இதற்கு முன்னோடிகள் யார்?
– பொறியியல் மாணவர், பெரம்பூர்

பதில்: ஒலியைக் கண்ணால் காணும் ஆசை கணினியைவிட மிகவும் பழையது. ஜெர்மானியரான கிளாட்னி, உலோகத் தகட்டின் மேல் மணலைத் தூவி, அதன் விளிம்பை வயலின் வில்லால் உரசி, அதிராத கோடுகளில் மணல் ஒதுங்கிக் கோலமாவதை 1787-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பாரிஸில் அச்சுத்தொழில் சார்ந்த பணியிலிருந்த ஸ்காட் தெ மார்ட்டின்வில், 1857-இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பேசும் குரலின் அதிர்வை ஒரு முள், புகைக்கரி படிந்த தாளில் கோடாகக் கிறுக்கும். அதைத் திரும்ப ஒலிக்கச் செய்யும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. குரல் தன்னைத்தானே எழுதிக்கொள்ள வேண்டும், அதைக் கண்ணால் படிக்க வேண்டும் என்பதே அவருடைய கனவு. 1860-இல் அவர் வரைந்தெடுத்த ஒரு பாட்டின் கோட்டை ஆய்வாளர்கள் 2008-இல் கணினியின் துணையால் ஒலிக்கச் செய்தார்கள். முதலில் ஒரு சிறுமி பாடுவதாக நினைத்தவர்கள், வேகத்தை இரு மடங்காக வைத்துவிட்டோம் என்பதைப் பிறகு உணர்ந்தார்கள். அது மெதுவாகப் பாடும் ஓர் ஆணின் குரல், பெரும்பாலும் ஸ்காட்டின் குரலே.

ஆனாலும் இந்தக் கலையின் உண்மையான தாய் என்று நான் கருதுவது, வேல்ஸ் நாட்டுப் பாடகி மார்கரெட் வாட்ஸ் ஹியூஸை. தம் குரலின் வலிமையை அளப்பதற்காக 1885-இல் அவர் ஓர் எளிய கருவியைச் செய்தார். ஒரு கிண்ணத்தின் வாயில் ரப்பர்த் தோலை இழுத்துக் கட்டி, பக்கத்தில் பொருத்திய குழாய் வழியாகப் பாடினால் தோல் அதிரும். அதன்மேல் தூவிய பொடி சுருதிக்குச் சுருதி வேறு வேறு வடிவம் எடுப்பதைக் கண்டவர், அளவெடுக்கும் வேலையைத் தாண்டி, பொடிக்குப் பதிலாக வண்ணக் குழம்பை இட்டு, பூக்களும் பெரணி இலைகளும் போன்ற உருவங்களைக் குரலாலேயே வரைந்தார். ஒரு கலைஞர் தம் குரலைத் தூரிகையாகப் பிடிக்கப் பழகிய செயல் அது. சுருதி சற்றே பிசகினால் இதழ் குலைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு சாதகம் இருந்திருக்கிறது.

கணினிக் காலத்தில் கோலன் லெவினும் சக்கரி லீபர்மனும் 2003-இல் இரண்டு குரற்கலைஞர்களுடன் சேர்ந்து உருவாக்கிய 'மெஸ்ஸா தி வோச்சே' என்ற நிகழ்ச்சி இத்துறையில் ஒரு மைல்கல். பாடுபவரின் தலை எங்கே இருக்கிறது என்பதைக் கேமரா பின்தொடர, திரையில் அவர் வாயிலிருந்தே குமிழிகள் கிளம்பிச் செல்வதுபோல் தோன்றும். மெக்சிகோவில் பிறந்த ரஃபேல் லோசானோ-ஹெம்மர் 2013-இல் நியூயார்க்கின் பார்க் அவென்யூ சுரங்கப்பாதையில் 300 விளக்குகளை வரிசையாக அமைத்து, நடுவில் நின்று ஒருவர் பேசிய பேச்சை ஒளியலையாக இரு புறமும் ஓடவிட்டார். அவருடைய படைப்புகளில் என் நெஞ்சை விட்டு நீங்காதது 2008-இல் மெக்சிகோ நகரின் த்லாத்தெலோல்கோ சதுக்கத்தில் நிகழ்ந்தது. 1968 அக்டோபர் 2 அன்று மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட அதே இடத்தில், நாற்பதாம் ஆண்டு நினைவாக, யார் வேண்டுமானாலும் வந்து ஒலிபெருக்கியில் விரும்பியதைப் பேசலாம் என்றார். பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஒரு பெரிய தேடுவிளக்கு வானில் மின்னியது. பேசுபவர் குரல் தழுதழுத்து நின்றால் விளக்கும் அணைந்தது. பேச்சு வானொலியில் அப்போதே ஒலிபரப்பானதால், தொலைவிலிருந்து ஒளியைக் கண்டவர்கள் அதன் சொற்களையும் கேட்க முடிந்தது. அங்கே ஒளிக்கு அலங்காரம் எதுவும் தேவைப்படவில்லை.

கேள்வி: இத்தகைய காட்சிகளில் நாம் பேசுவது பதிவாகிறதா? அது எங்கே போகிறது?
– இல்லத்தரசி, கொளத்தூர்

பதில்: படைப்பைப் பொறுத்தது. குரலை அளந்து உடனே படமாக்குவதற்குப் பதிவு தேவையில்லை. கணினி ஒரு நொடியின் சிறு பகுதியை மட்டும் கையில் வைத்திருந்து கழித்துவிடலாம். பேச்சைச் சேமித்து அடுத்தவருக்குக் கேட்கச் செய்யும் படைப்புகளும், பேச்சை இணையம் வழியாக வெளிக் கணினிகளுக்கு அனுப்பும் படைப்புகளும் உண்டு. எதுவானாலும் வாசலிலேயே தமிழில் எழுதி வைக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலையே முதன்மை அடிப்படையாக வைத்திருக்கிறது. எழுதி வைக்கப்படவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். குழந்தைகளுடன் சென்றால் கட்டாயம் கேளுங்கள்.

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். மாணவர்கள் லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துக் கற்க இந்தக் கலை உதவுமா?
– தமிழாசிரியை, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனம் நிறைந்தது. மேலே சொன்ன படைப்புகள் பிற மொழி பேசும் நாடுகளில் பிறந்தவை. தமிழ் வாயிலிருந்து வரும் ஒலிகளுக்கென்று உள்ள அழகுகளை மனத்தில் வைத்து அவை செய்யப்படவில்லை. அந்த வேலை நமக்காகக் காத்திருக்கிறது, அதற்கு உங்கள் வகுப்பறையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

பேச்சொலியை ஆராய்வதற்கென்றே ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'பிராட்' என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய மடிக்கணினியிலும் ஓடும். அதில் ஒரு சொல்லைப் பதிவு செய்தால், இடமிருந்து வலமாகக் காலமும், கீழிருந்து மேலாக அதிர்வெண்ணும், வலுவான இடங்களில் கருமையுமாக ஓர் ஒலிப்படம் விரியும். முதலில் 'படு', 'பட்டு' என்ற இரண்டு சொற்களைச் சொல்லச் செய்யுங்கள். 'படு'வில் டகரம் நாக்கு அண்ணத்தைத் தட்டிச் செல்லும் ஒரு சிறு நெருடலாக மட்டுமே தெரியும். 'பட்டு'வில் நடுவே வெள்ளையாக ஓர் இடைவெளி விழும். அந்த வெள்ளைதான் ஒற்று. மூச்சு அடைபட்டு நின்ற நேரத்தை இலக்கணம் அரை மாத்திரை என்று எழுதி வைத்ததை மாணவர்கள் அளவுகோலால் அளக்கலாம். ஈற்றில் நிற்கும் உகரத்தையும் விட்டுவிடாதீர்கள். 'பட்டு' வன்றொடர்க் குற்றியலுகரம், 'படு' முற்றியலுகரம் என்று நாம் மனப்பாடம் செய்தோம். இன்றைய வடசென்னைப் பிள்ளைகளின் வாயில் அந்த வேறுபாடு எவ்வளவு இருக்கிறது என்பதை அவர்களே அளந்து, கண்டபடியே எழுதட்டும். இலக்கண வகுப்பு அன்றைக்கு ஆராய்ச்சிக்கூடமாகிவிடும்.

அடுத்து ககரம். 'கல்', 'தங்கம்', 'மகன்' மூன்றிலும் நாம் எழுதுவது ஒரே எழுத்து. ஒலிப்படத்திலோ, 'கல்' என்பதில் ஓர் அமைதியும் அதைத் தொடர்ந்து ஒரு வெடிப்பும் தெரியும். 'தங்கம்' என்பதில் அடைப்பின்போதும் குரல்நாண்கள் அதிர்வதால் அடியில் ஒரு கரிய பட்டை ஓடும். 'மகன்' என்பதில் அடைப்பே நிகழாமல் மெல்லிய உரசல் மட்டும் இருக்கும். இடம் பார்த்து ஒலியை மாற்றிக்கொள்ளும் பழக்கம் நம் வாயிலேயே இருப்பதால்தான் எழுத்தில் அதைக் காட்ட வேண்டிய தேவை நமக்கு ஏற்படவில்லை என்பதைப் பிள்ளைகள் தங்கள் குரலிலேயே காண்பார்கள்.

நீங்கள் கேட்ட லகர, ளகர, ழகரத்துக்கு வருகிறேன். லகரத்தில் நுனிநாக்கு மேற்பல் அடியைத் தொடுகிறது. ளகரத்தில் நாக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. ழகரத்தில் வளைகிறதே தவிர முழுவதும் தொட்டு அடைப்பதில்லை. ஒலிப்படத்தில் உயிரொலிகளின் மேல் அடுக்கடுக்காகக் கரிய பட்டைகள் ஓடுவதைக் காண்பீர்கள். கீழிருந்து மூன்றாவதாக உள்ள பட்டை ழகரத்தை நெருங்கும்போது கீழிறங்கி, இரண்டாவது பட்டையை நோக்கிச் சாயும். 'பழம்' என்ற சொல்லில் அந்தச் சாய்வு, நாக்கு வளைந்து மீளும் அசைவை அப்படியே வரைந்து காட்டுவதுபோல் இருக்கும். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் கூடி எழுத்தொலி பிறக்கிறது என்று தொல்காப்பியப் பிறப்பியல் சொல்வதை, இந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்துங்கள்.

ஒன்றே ஒன்று வேண்டிக்கொள்கிறேன். 'வாயப்பயம்' என்று சொல்லும் பிள்ளையை மைக்கின் முன் நிறுத்தி, அவன் படம் தவறு என்று வகுப்புக்குக் காட்டிவிடாதீர்கள். அவன் பாட்டியின் பேச்சு அவன் நாவில் இருக்கிறது. இரண்டு படங்களையும் அருகருகே ஒட்டி வைத்து, இது நம் தெருவின் ஒலி, இது நூலின் ஒலி, இரண்டும் உனக்கு வர வேண்டும் என்று சொல்லுங்கள்.

கேள்வி: நாம் ஒரு வாக்கியத்தைச் சொன்னால் செயற்கை நுண்ணறிவு அதைப் படமாக வரைந்து திரையில் காட்டுகிறது. இதுவும் அதே கலைதானா?
– வரைகலை வடிவமைப்பாளர், வேளச்சேரி

பதில்: உறவு உண்டு, ஆனால் வழி வேறு. அங்கே உங்கள் பேச்சு முதலில் எழுத்தாக மாற்றப்படுகிறது. பிறகு அந்த எழுத்திலிருந்து படம் பிறக்கிறது. 2022 செப்டம்பரில் வெளியான 'விஸ்பர்' என்ற பேச்சறி மென்பொருள் 6,80,000 மணி நேர ஒலிப்பதிவில் பயிற்சி பெற்றது. தமிழையும் அது எழுத்தாக்கும். அதற்கு முந்தைய மாதம் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த 'ஸ்டேபிள் டிஃப்யூஷன்' எழுத்திலிருந்து படம் வரைந்தது. இரண்டையும் யாரும் தம் கணினியிலேயே இணைக்கலாம் என்றானபின் இத்தகைய காட்சிகள் பெருகின. நம் ஊரிலேயே, சென்னை ஐஐடியில் இயங்கும் 'ஏஐ4பாரத்' குழுவினர் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான பேச்சறி மென்பொருள்களை உருவாக்கித் திறந்து வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. "மழை வருது" என்பதைக் கடன் வாங்கிப் பயிரிட்ட விவசாயி ஒரு விதமாகச் சொல்வார். மாடியில் துணி காயப்போட்டவர் ஒரு விதமாகச் சொல்வார். வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருப்பவர் டிசம்பர் மாதத்தில் எப்படிச் சொல்வார் என்பது உங்களுக்கே தெரியும். எழுத்தாக மாறியவுடன் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. திரையில் அதே மேகம், அதே குடை. குரல் வாசலோடு நின்றுவிடுகிறது, சொல் மட்டும் உள்ளே போகிறது. இந்தக் குறையைப் போக்க வழி இருக்கிறது. சொல்லிலிருந்து உருவத்தையும், குரலிலிருந்து அந்த உருவத்தின் அசைவு, நிறம், வேகம் ஆகியவற்றையும் தனித்தனியே எடுங்கள். மேகம் எதுவென்று சொல் தீர்மானிக்கட்டும். அது எப்படித் திரள்கிறது என்று குரல் தீர்மானிக்கட்டும். எழுத்தாக்கத்துக்குச் சில நொடிகள் ஆகும் என்பதால், அந்த இடைவெளியில் பேசியவர் வெற்றுத் திரையைப் பார்த்து நிற்காமல், குரல் நேரடியாக வரையும் கோடுகள் முதலில் வந்துவிடும் என்ற வசதியும் இதில் கிடைக்கும்.

கேள்வி: நான் இயல்பாகப் பேசியதற்குத் திரையில் சிவப்பு நிறம் வந்து, "நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள்" என்று எழுதிக் காட்டியது. குரலிலிருந்து உணர்ச்சியை அறிய முடியுமா?
– காய்கறி வியாபாரி, கோயம்பேடு

பதில்: உரத்த குரலையும் உயர்ந்த சுருதியையும் கோபம் என்று முடிவுகட்டுவது கருவியின் பிழை. சந்தை இரைச்சலில் விலை சொல்லிப் பழகிய குரல் உரத்துத்தான் இருக்கும். அது தொழில் தந்த குரல். மனிதர் உள்ளத்தை அளவீடுகளிலிருந்து ஊகிக்கும் இத்தகைய மென்பொருள்களை, பணியிடங்களிலும் கல்விக்கூடங்களிலும் பயன்படுத்துவதை மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் நீங்கலாக ஐரோப்பிய ஒன்றியம் தன் 2024-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை செய்திருக்கிறது. கலைஞருக்கு அந்தத் தடை இல்லையென்றாலும், உரத்த குரலைச் சிவப்பாகக் காட்டலாம், "கோபம்" என்று பெயர் சூட்டலாகாது என்பதே என் கருத்து. நீங்கள் வருந்த வேண்டியதில்லை ஐயா.

கேள்வி: எங்கள் ஆண்டிறுதிக் காட்சிக்கு இப்படியொரு படைப்பைச் செய்ய நினைக்கிறோம். கையில் பணம் குறைவு. எங்கிருந்து தொடங்குவது? எதில் ஏமாறாமல் இருக்க வேண்டும்?
– கவின்கலை மாணவர்கள், எழும்பூர்

பதில்: மென்பொருளுக்குச் செலவில்லை. கலைஞர்களுக்காகவே கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் 2001-இல் தொடங்கிய 'ப்ராசசிங்' இலவசம். அதன் வழிவந்த 'பி5 ஜேஎஸ்' உலாவியிலேயே ஓடும், மைக்கின் ஒலியளவையும் அதிர்வெண்களையும் எடுத்துத் தரும். ப்ரொஜெக்டர் கிடைக்காவிட்டால் ரிச்சி தெருவுக்குப் போய், ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியே கட்டுப்படுத்தக்கூடிய எல்இடி பட்டையை வாங்குங்கள். மீட்டருக்கு 60 விளக்கு உள்ள பட்டையில், ஒவ்வொரு விளக்கும் முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். ஆக ஒரு மீட்டருக்கே 3.6 ஆம்பியர். அதை மடிக்கணினியின் யுஎஸ்பியில் செருகிவிடாதீர்கள். தனியாக 5 வோல்ட் பவர் சப்ளை வேண்டும். மைக் வாங்கும்போது, ஒலிப்பெருக்கத்தைத் தானாகக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகையைத் தவிருங்கள். யாரும் பேசாத நேரத்தில் அது மின்விசிறியின் சத்தத்தையே பெரிதாக்கி அனுப்பும்.

மின்விசிறி என்றதும் எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நகரின் ஒரு சிறிய அரங்கில் என் படைப்பை வைத்திருந்தேன். மே மாதம்; ஆறு விசிறிகளும் சுழன்றாக வேண்டும். முதல் நாள் காலையில் ஆளில்லாத அறையில் விசிறிகள் தாமாகவே சுவர் முழுவதும் வரைந்துகொண்டிருந்தன. பதறிப்போய், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள எந்த ஒலியையும் பொருட்படுத்தாதே என்று நிரலில் ஒரு வரம்பு வைத்தேன். சுவர் அடங்கியது, நானும் நிம்மதியடைந்தேன். பிற்பகலில் திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு வயதான அம்மா மகளுடன் வந்தார். மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, கூச்சத்தோடு, வெளிநாட்டில் இருக்கும் பேரனின் பெயரைத் தாழ்ந்த குரலில் சொன்னார். சுவர் இருட்டாகவே இருந்தது. மீண்டும் சொன்னார், அப்போதும் ஒன்றும் இல்லை. "என் குரல் அதுக்குப் பிடிக்கலை போல" என்று மகளிடம் சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் மூலையில் கணினியோடு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்க் கூப்பிடுவதற்குள் அவர்கள் ஆட்டோ ஏறிவிட்டார்கள்.

அன்றிரவே மூன்று மாற்றங்கள் செய்தேன். வரம்பை எடுத்துவிட்டு, காலியான அறையின் ஓசையை ஐந்து நொடி பதிவு செய்து, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் அந்த அளவை மட்டும் கழிக்கச் செய்தேன். விசிறியின் சத்தம் ஏறத்தாழ மாறாதது என்பதால் அது கழிந்துபோனது, மெல்லிய குரல் எஞ்சியது. தூரம் இரட்டிப்பானால் மைக்கை அடையும் ஒலியழுத்தம் பாதியாகிவிடும். ஆகவே மைக்கைக் கம்பத்திலிருந்து கழற்றி, பழைய பொருள் கடையில் வாங்கிய கறுப்புத் தொலைபேசியின் ரிசீவருக்குள் பொருத்தினேன். ரிசீவரைக் கையில் எடுத்தவர் எவரும் தாமாகவே வாயருகே கொண்டுபோவார். கூச்சப்படுபவருக்கும் அது பழகிய பொருள். மூன்றாவதாக, உரத்த குரலுக்குப் பெரிய உருவம் என்றிருந்ததை மாற்றி, மெல்லிய குரலுக்கு நுண்ணிய, அடர்ந்த கோடுகள் வருமாறு செய்தேன். மறுநாளிலிருந்து கிசுகிசுத்தவர்களின் படங்களே மிக அழகாக இருந்தன. அந்த அம்மா திரும்ப வரவில்லை.

நீங்கள் காட்சியைத் திறப்பதற்கு முதல் நாள், வகுப்பிலேயே மிக மெதுவாகப் பேசும் தோழியை அழைத்து, விசிறிகளை ஓடவிட்டு, முதலில் அவரைப் பேசச் சொல்லுங்கள். குரலுக்கும் படத்துக்கும் நடுவே நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாமதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைத் தாண்டினால், படம் தன்னுடையது என்ற உணர்வு பேசுபவருக்கு நழுவிவிடும்.

கேள்வி: என் மகனுக்கு வயது ஒன்பது, பிறவியிலேயே காது கேளாதவன். குரல் படமாகும் காட்சிக்கு அவனை அழைத்துச் செல்லலாமா? அவனுக்கு அதில் மகிழ்ச்சி கிடைக்குமா, ஏக்கம் வருமா என்று தெரியவில்லை.
– ஒரு தாய், குரோம்பேட்டை

பதில்: அழைத்துச் செல்லுங்கள் அம்மா. ஆனால் முன்னதாக நீங்கள் ஒரு முறை தனியே போய்ப் பார்த்துவிடுங்கள். சுவரில் வருவது பேசியவரின் குரலோடு உண்மையாகவே இணைந்திருந்தால் மட்டும் அவனைக் கூட்டிப் போங்கள். காது கேட்பவர் படம் பொய் சொன்னாலும் தம் குரலைக் காதால் கேட்டுக்கொள்வார். அவனுக்கு அந்தப் படம் மட்டுமே சாட்சி.

பேச்சைக் கண்ணுக்குக் காட்டும் முயற்சிகளில் பல, காது கேளாதவர்களை மனத்தில் வைத்தே தொடங்கின. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் 1940-களில் ஒலிப்படக் கருவியை உருவாக்கியபோது, காது கேளாதவர்கள் பேச்சைக் கண்ணால் படிக்க அது பயன்படும் என்ற நம்பிக்கையும் அவர்களிடம் இருந்தது. அந்த வரலாற்றில் ஒரு வலியும் கலந்திருக்கிறது. குழந்தைகளை எப்படியாவது வாய் பேச வைத்துவிட வேண்டும் என்ற பிடிவாதத்தில் சைகை மொழியைப் பள்ளிகளிலிருந்து விலக்கிய காலம் ஒன்று இருந்தது. ஆகவே இதைப் பேச்சுப் பயிற்சியாக்கி, "இன்னும் சரியாகச் சொல், இன்னும் சரியாகச் சொல்" என்று அவனை வருத்தாதீர்கள். அவன் எழுப்பும் எந்த ஒலிக்கும் சுவர் பதில் சொல்லட்டும், சிரிப்புக்கும் இருமலுக்கும்கூட. பிறவியிலேயே காது கேளாதவரான அமெரிக்கக் கலைஞர் கிறிஸ்டின் சன் கிம், ஒலியைப் பற்றியே ஓவியங்களும் நிகழ்த்துகலையும் படைத்து உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் காட்சிக்கு வைத்திருக்கிறார் என்பதை அவனுக்குச் சைகையில் சொல்லுங்கள்.

கண்காட்சி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வாட்ஸ் ஹியூஸின் கருவியை வீட்டிலேயே செய்துவிடலாம். வாயகன்ற பழைய பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் பக்கத்தில் துளையிட்டு, அதில் ஒரு சாண் நீளக் குழாயைக் காற்றுக் கசியாமல் பொருத்துங்கள். பெரிய கறுப்பு பலூன் ஒன்றை வெட்டி, சுருக்கம் இல்லாமல் டப்பாவின் வாயில் இழுத்துக் கட்டுங்கள். அதன்மேல் கோலமாவை மெல்லிதாகத் தூவி, குழாயில் வாய் வைத்து ஒரே மூச்சில் 'ஊ' என்று நீட்டுங்கள். சுருதியை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் மாவு துள்ளி எழுந்து வளையங்களாக ஒதுங்கும். முதலில் நீங்கள் செய்யுங்கள், அவன் ஒரு விரலைப் பலூனின் ஓரத்தில் வைத்திருக்கட்டும். பிறகு அவன் செய்யட்டும், நீங்கள் விரலை வையுங்கள். அவனுடைய வளையங்களையும் உங்களுடைய வளையங்களையும் கைப்பேசியில் படமெடுத்து அருகருகே வைத்துக்கொள்ளலாம். மாவை மட்டும் முன்னதாக வெயிலில் ஒரு முறை உலர்த்திக்கொள்ளுங்கள். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் கோத்த மாவு எளிதில் நகராது.